குக்கர் கைப்பிடி உருகி சோத்துல கலக்குதா? இல்லைங்க

நம்ம கோயமுத்தூர், திருப்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துதுங்க, குக்கரோட கருப்பு கைப்பிடி பினாயிலும் பொணத்துக்கு போடற பார்மலினும் கலந்து செஞ்சதாம், சூடானா உருகி வெசம் சோத்துல எறங்குமாம். இது தப்புங்க.

அந்த கைப்பிடி பேக்கலைட்ங்கற கெட்டி பிளாஸ்டிக். 1907-ல லியோ பேக்லேண்ட் கண்டுபிடிச்சது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்துதான் உருவாகுது. பார்மலின்ங்கறது பார்மால்டிஹைடு கரைஞ்ச தண்ணி, அது வரைக்கும் மெசேஜ் கொஞ்சம் சரி, ஆனா தரை தொடைக்கற பினாயில் வேற, பீனால் வேற. அதுவுமில்லாம சேர்ந்ததுக்கப்பறம் ரெண்டும் பழைய பொருளா இருக்கறதில்ல. ஒவ்வொரு பீனால் மூலக்கூறுலயும் மூணு எடம் வரைக்கும் பார்மால்டிஹைடோட கார்பன் பாலம் மாதிரி புடிச்சுக்கும், தண்ணி பிரிஞ்சு வெளிய போயிரும், அப்படியே நாலாபக்கமும் பின்னிப் பின்னி ஒரே வலையா இறுகிரும். அச்சுல அழுத்தி சுமார் 150 டிகிரியிலயோ அதுக்கு மேலயோ சூடு பண்ணித்தான் இறுக வெக்கறாங்க, குக்கருக்குள்ள சூடு 120 டிகிரி கிட்டத்தான். இறுகுனது திரும்ப உருகாது, பாலித்தீன் கவர்தான் உருகும். நம்மூர் பவுண்டரிகள்ல அச்சு மண்ணை இறுக்க ஊத்தற பிசினும் பல எடத்துல இதே குடும்பந்தான்.

அடுப்புத் தீ நேரா பட்டா கருகும், நாத்தம் வரும், அப்ப கைப்பிடிய மாத்திருங்க. சந்தேகம்னா பன்னண்டாவது கெமிஸ்ட்ரி புக்குல பாலிமர் பத்தின பகுதியை எடுத்துப் பாருங்க. தயவுசெஞ்சு அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்புனவங்களுக்கும் பொறுமையா சொல்லிருங்க.