அரிசி மூட்டையும் ஆங்கில வகுப்பும்

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இன்று இரவுக்குள் வந்து சேர்ந்துவிடும். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களின் வேகம் மேட்டூர்த் தண்ணீருக்கு இருந்தால் கடைமடை என்றோ பிழைத்திருக்கும். எங்கள் சபைக் கூடத்தில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பை யாரோ ஒருவர் ஜன்னல் கம்பி வழியாக எடுத்திருக்கிறார். என் முதுகும் கரும்பலகையும் தெரிகின்றன. பெஞ்சில் இருக்கும் பையன்களின் முகங்கள் மட்டும் துல்லியமாகத் தெரிகின்றன. கூடவே ஒரு வரி: 'அரிசி மூட்டை வியாபாரம் இப்போது வடக்கத்திக்காரனுக்கும்.'

அரிசி மூட்டையாம். அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று கிறிஸ்தவர்களை ஏசும் வசை அது. அதையும் காவிரிப் படுகையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். என் அப்பா குறுவையும் சம்பாவும் போட்டுக் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லோடு இரவுகளைக் கழித்தவர். எங்களுக்கு யாரும் அரிசி கொடுக்க வேண்டியிருக்கவில்லை, ஐயா. நாங்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

போகட்டும். அந்தச் சபைக் கூடத்தில் நடப்பது ஆங்கில வகுப்பு. மறுபடியும் சொல்கிறேன், ஆங்கில வகுப்பு. மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நடவுக்கு வருகிறவர்கள் ஞாயிறு மாலை குளித்துவிட்டு வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையான நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளூரில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஏக்கருக்குப் பேசி அவர்களை அழைத்து வந்தது நாம்தான். நம் வயலில் குனிந்து நாற்று ஊன்றியபோது அவர்கள் என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் கலாச்சாரத்துக்கு ஆபத்து வந்துவிட்டது.

என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். போன வாரம் ஒரு பையன் மாத்திரை அட்டையோடு வந்தான். கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். கடையில் கொடுத்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது, காலாவதித் தேதி எங்கே இருக்கிறது என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் அழுத்தியிருந்த எழுத்துகளை நகத்தால் தடவி ஒவ்வொன்றாகப் படிக்க வைத்தேன். அன்றைய பாடம் அதுதான். இன்னொருவருக்கு விரல் ரேகை தேய்ந்து, பணம் எடுக்கும் கருவி அவர் கையை ஏற்கவே மறுக்கிறது. வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட அவர் பழகிக்கொண்டிருக்கிறார். இதில் எந்த வரியில் ஞானஸ்நானம் இருக்கிறது என்று காணொளிக்காரர் சுட்டிக்காட்டட்டும்.

'தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?' என்று ஒரு தம்பி பொங்கியிருக்கிறார். தமிழை அவர்கள் வரப்பிலும் டீக்கடையிலும் என்னைவிட வேகமாகப் படித்துக்கொள்கிறார்கள். இங்கே நடவு முடிந்தால் அடுத்து திருப்பூரோ கொச்சியோ பெங்களூரோ. எல்லா இடத்துக்கும் பொதுவாக எது உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டதைக் கொடுக்கிறேன்.

'அப்படியானால் ஏன் சிலுவை மாட்டிய கூடத்தில்?' மின்விசிறியும் விளக்கும் உள்ள கூடம் வாடகையில்லாமல் அங்கேதான் கிடைக்கிறது. உங்கள் கல்யாண மண்டபத்தை ஞாயிறு மாலை சும்மா கொடுங்கள், நாளைக்கே கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். இதுவரை ஒருவரும் சாவியை நீட்டவில்லை.

கொஞ்சம் நியாயமான ஒரு கேள்வியும் வந்தது, மறுக்கவில்லை. வீட்டை விட்டு வந்தவன், ஏழை. உதவி செய்கிறவர் சொல்வதை மறுக்க அவனுக்கு வாய் வராதே என்று. உண்மைதான். அதனால்தான் என் மேசைமேல் மதப் பிரசாரத் துண்டுப் பிரதி கிடையாது, வகுப்புக்கு முன் ஜெபம் கிடையாது. இதைக் கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இதே தந்திரம் என்பவர்கள் ஒருமுறை தஞ்சாவூர் போய்விட்டு வாருங்கள். சிவகங்கைக் குளத்தின் பக்கத்தில், ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பெயரில் ஓர் ஆலயம். உள்ளே ஆங்கிலேயச் சிற்பி பிளாக்ஸ்மேன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தில், மரணப் படுக்கையில் இருக்கும் ஐயரின் கையைத் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐயர் பாதுகாத்து வளர்த்த பிள்ளை. ஆங்கிலம் கற்றார், மேல்நாட்டுப் புத்தகங்களை வாங்கி சரசுவதி மகாலில் அடுக்கினார். மதம் மாறினாரா? தன் வம்ச வரலாற்றை 1803இல் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்தார். அப்புறம் நடந்தே போகிற தூரத்தில் அந்தக் கல்வெட்டையும் பார்த்துவிட்டு வந்து எனக்கு வரலாற்றுப் பாடம் எடுங்கள்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவும் புதிதாக வந்தவர்தான். நம் ஊர் வாத்தியாரிடம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். திருநீறு பூசினால்தான் அகரம் சொல்லுவேன் என்று அந்த வாத்தியார் நிபந்தனை போட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அத்தை. மகன் டாலஸில் வேலை. மருமகள் பிரசவத்துக்குப் போனவர், பேரன் வளரும் வரை அங்கேயே தங்கிவிட்டார். கடையில் வாய் திறக்கப் பயந்து வீட்டுக்குள் கிடந்தவரை, பக்கத்து பாப்டிஸ்ட் சபையில் புதிதாக வந்தவர்களுக்கு நடத்தும் இலவச ஆங்கில வகுப்பில் மகன் சேர்த்துவிட்டான். அமெரிக்காவில் எத்தனையோ சபைகள் இதை ஊழியமாகவே செய்கின்றன; முதலில் பைபிள் கதை ஒன்று சொல்வதும் உண்டு. அத்தை கதையையும் கேட்டார், ஆங்கிலமும் கற்றார், போன அதே திருநீற்றோடு ஊர் திரும்பினார். காணொளியைப் பார்த்துக் கொதித்த முதல் ஆள் அந்த மகன்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் அம்மாவுக்குக் கிடைத்தால் உபசாரம், வங்காளிப் பையனுக்குக் கிடைத்தால் வலை. நன்றாக இருக்கிறது தம்பி.

சரி, 'அப்படியானால் இது ஊழியம் இல்லையா?' என்று மடக்குவீர்கள். ஊழியம்தான். நூறு முறை கேட்டாலும் ஊழியம்தான். அந்நியனாக வந்தவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நான் விசுவாசிக்கிறேன், செய்கிறேன். சேர்த்துக்கொண்ட பிறகு கணக்கு எடுக்கச் சொல்லி அங்கே எழுதியிருக்கவில்லை.

இதை வெளியாட்களுக்காக மட்டும் எழுதவில்லை. காணொளிக்காரரின் வார்த்தை இரண்டு நாளில் ஆறிவிடும். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கேட்டது ஆறவில்லை. 'இத்தனை மாதமாய்க் கரண்டு செலவு ஆகிறதே டீச்சர், எத்தனை ஆத்துமா வந்தது?' பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவனுடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவர் பேரனுக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது ஆத்துமாவை யாரும் எண்ணவில்லை, மதிப்பெண்ணைத்தான் எண்ணினார்கள். வெளியே இருப்பவர் நான் ஆள் பிடிக்கிறேன் என்கிறார், உள்ளே இருப்பவர் ஏன் பிடிக்கவில்லை என்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

வருகிற சபைக் கமிட்டிக் கூட்டத்தில் இது பேசப்படும் என்று கேள்விப்பட்டேன். வகுப்பில் சுவிசேஷப் பிரதி கொடுத்தால்தான் கூடத்துச் சாவி என்று தீர்மானம் போடுவார்களாம். தாராளமாகப் போடட்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகை காலியாகத்தான் இருக்கிறது. ஒரு விளக்கு மாட்டினால் போதும். கரும்பலகை என் பென்ஷன் பணத்தில் வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு போக எந்தத் தீர்மானமும் எனக்குத் தேவையில்லை.