முடி கொட்டுறதே நின்னுடுமாம்!

இன்னைக்குக் காலையில தோசையில முடி. ஓரம் சிவந்து திருப்பிப் போடும்போதுதான் தெரியுது, சந்தன நிறத்துல ஒண்ணு வளைஞ்சு கிடக்கு. மாவுப் பாத்திரத்தை மூடித்தான் வச்சிருந்தேன். லாப்ரடார் வளர்க்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

என் கோபம் முடி மேல இல்ல. நாய் மேல சத்தியமா இல்ல. அந்தச் சீப்பை வித்த ஆள் மேல!

டீஷெட்டிங் டூலாம், உதிர்ற முடியைச் சீவி எடுக்கிறதாம். பார்க்க ஷேவிங் ரேசர் மாதிரி, குறுக்கே பொடிப்பொடியா ஸ்டீல் பல். "நல்லா அழுத்தி இழுங்க சார், தினமும் இழுங்க, முடி கொட்டுறதே நின்னுடும்." ஒரே மூச்சுல மூணு பொய்.

ஞாயித்துக்கிழமை மொட்டைமாடி. தண்ணித்தொட்டி நிழல்ல பாயை விரிச்சு நாயை நிக்க வச்சேன். முதல் இழுப்புலயே பஞ்சு மாதிரி வந்துச்சு. இன்னொரு இழுப்பு, இன்னும் வந்துச்சு. அது வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. அவர் சொன்ன மாதிரியே அழுத்தினேன், இடுப்புக்கு மேல, ஒரே இடத்துல. திடீர்னு தோல் சுண்டுச்சு. திரும்பிப் பார்த்துச்சு. உறுமல, கடிக்கல. என் கையை நக்குச்சு. முடியை விலக்கிப் பார்த்தா ரெண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து, நகத்தால பிறாண்டின மாதிரி கோடு கோடா இருக்கு. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

டாக்டர்தான் புரிய வச்சார். லாப்ரடாருக்கு மேல முரட்டு முடி, அடியில பஞ்சு முடின்னு ரெண்டு அடுக்கு. உதிரத் தயாரா இருக்கிற அடிமுடியை எடுக்கத்தான் இந்தப் பல். குளிப்பாட்டினா நல்லாக் காயவிட்டுத்தான் சீவணும். முடி வளர்ற திசையிலயே, அழுத்தாம, ஒரு இடத்துல ரெண்டு மூணு இழுப்பு, அப்புறம் நகர்ந்துடணும். வாரம் ஒரு தடவை போதும். விடாம இழுத்தா மேல்முடியையும் அறுத்துடும், தோலும் புண்ணாகும். முடி கொட்டுறது நிக்கவே நிக்காது. சோபாவுல விழ வேண்டியதுல பாதி பல்லுல வந்துடும், அவ்வளவுதான். இதை விற்கும்போது சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா?

கேட்டுட்டு வரலாம்னு கடைக்குப் போனா, சிப்பிப்பாறை நாய் வச்சிருக்கிற ஒருத்தருக்கு அதே சீப்பை எடுத்துக் கொடுக்கிறார்! ஒட்ட வெட்டின மாதிரி முடி, அடிமுடியே கிடையாது. அதுக்கு ரப்பர் பிரஷ் போதும். எலும்பு தெரியற அந்த ஒல்லி உடம்பு மேல ஸ்டீல் பல்லை ஓட்டினா என்ன ஆகும்? அங்கேயே கத்திட்டேன். அதுக்கு அவர், "உங்க நாய்க்குத் தோல் வீக் சார். வேணும்னா மொட்டை போட்டுடுங்க, வெயிலுக்கு நல்லது." வெயில் தோலைச் சுடாம காக்கிறதே அந்த முடிதான்யா! ரெண்டு அடுக்கு முடியை வழிச்சா பழையபடி வளரும்னு உத்தரவாதமும் கிடையாது.

இவ்வளவும் முடிஞ்சு, முதுகுல மருந்து தடவின நாயோட திரும்பி வந்தா, எங்க அபார்ட்மென்ட் செயலாளர் லிஃப்ட் வாசல்ல மறிக்கிறார். நாய்க்கு லிஃப்ட் கிடையாதாம். நாயை லிஃப்ட்ல ஏத்தத் தடை போடக் கூடாதுன்னு விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியாச்சு. யார் கேட்கிறாங்க? நாலு மாடி. அந்தப் புண் முதுகோட ஒவ்வொரு படியா ஏறுச்சு.