சைக்கிள் பின் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடு உருளை) மண்ணெண்ணெய் விட்டால் சத்தம் போய்விடுமா?

"சைக்கிள் பின் சக்கரம் கரகரவென்றால் ஹப்புக்குள் மண்ணெண்ணெய் விட்டால் போதும், பிரிக்கவே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். சத்தம் கொஞ்சநாள் அடங்கலாம். பிறகு உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள் கிரீஸே இல்லாமல் கோனில் (ஆக்சில் என்ற நடுக்கம்பியில் திருகியிருக்கும் கூம்புத் துண்டு) உரசும்.

கோனைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால் எந்த எண்ணெயும் அதை நிரப்பாது. கோனை மாற்றத்தான் வேண்டும். குண்டுகளையும் மொத்தமாக மாற்றுங்கள். சாதாரண பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, கால் அங்குல அளவு. கப்பிலும் (ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கிண்ணம்) குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டிவரும். ஆக்சிலைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்க்க மறக்காதீர்கள்: வளைந்திருந்தால் புதுக் கோனையும் தின்றுவிடும்.