முதலில் வாங்க வேண்டியது எந்த லென்ஸ்?

மிரர்லெஸ் கமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) வாங்குபவர்கள் முதலில் 24-70 மில்லிமீற்றர் எஃப் 2.8 சூம் லென்ஸ்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். எனக்கு உடன்பாடு இல்லை. நான் மட்டக்களப்பில் கோயில் திருவிழாக்களைப் படம் எடுப்பவன். சிறிய சென்சர் கொண்ட கெனன் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கமராவோடு, கண்ணாடி உள்ள பழைய கமராக்களுக்கான ஈஎஃப் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸை அடாப்டர் போட்டுப் பாவிக்கிறேன். ஓட்டோபோகஸ் சரியாக வேலை செய்கிறது. சென்சர் சிறியது என்பதால் படம் 1.6 மடங்கு நெருக்கமாக, 80 மில்லிமீற்றர் லென்ஸில் எடுத்தது போலத் தெரியும், முகங்களுக்கு அருமை. எஃப் 2.8 ஐ விட இரண்டு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம் உள்ளே வரும். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் சாமி வீதி உலா வரும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அப்புறம் விலை, கனம் இரண்டும் குறைவு. சூம் பிறகு வாங்கலாம்.

கட்டுரை தொடாத விசயம் ஒன்று: பூஞ்சணம். வாவிக் காற்றின் ஈரத்தில் பையிலேயே கிடந்த என் லென்ஸ் ஒன்றின் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல் படர்ந்துவிட்டது. மாரி காலத்தில் இன்னும் மோசம். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். கல்லடிக் கடற்கரைக்குப் போய் வந்தால் உப்பு படிந்திருக்கும், அன்றே துடைத்துவிடுங்கள். தம்பி தங்கைகளே, இரண்டாவது லென்ஸுக்கு முன் அந்தப் பெட்டியை வாங்குங்கள்.