முதல் வண்டிக்கு சிசியை விட எடைதான் முக்கியம்

பின்னால் மாற்ற வேண்டியிருக்காது, அதனால் எடுத்தவுடனே 300 சிசிக்கு (சிசி என்பது இன்ஜின் கொள்ளளவு) மேல் வாங்கிவிடலாம் என்று முதல் பைக் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரையில் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. புதிதாக ஓட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது வண்டியை நிறுத்தும்போதும் மெதுவாகத் திருப்பும்போதும்தான். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிகிறதா, இன்ஜினை அணைத்துவிட்டுத் தனியாகப் பின்னால் தள்ள முடிகிறதா என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். 125லிருந்து 160 சிசி, எடை 140 கிலோவை ஒட்டி இருந்தால் தாராளமாகப் போதும். அப்புறம் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, அதை மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். பதற்றத்தில் பிரேக்கை மொத்தமாக அழுத்தி முன்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் புதியவரால் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம். சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், முடிந்தால் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கும் டூயல் சேனல் எடுங்கள். நிறம், ஸ்டிக்கர் எல்லாம் அவரவர் விருப்பம். ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியில் வண்டி தேடுங்கள்.