சிரிக்கத் தெரிந்த அப்பா

முந்தைய தலைமுறைத் தந்தையரைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், அவர்களுக்கு உழைக்கத் தெரிந்த அளவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, தொண்ணூறைக் கடந்து வாழ்ந்து அண்மையில் மறைந்த என் அப்பாவை நினைக்கையில், என்னால் ஏற்க முடியவில்லை. 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இளைஞராகச் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை வெல்டராகவே உழைத்தவர் அவர். முன்கையெங்கும் தீப்பொறி பட்ட சிறுசிறு தழும்புகள் இருந்தன. பேரப்பிள்ளைகள் கேட்டால் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு புலிவேட்டைக் கதை சொல்வார். சென்னையில் 1953இல் நின்றுபோன டிராம் வண்டியின் மணியோசையை வாயாலேயே எழுப்பிக்கொண்டுதான் கல்யாணப் பந்திகளில் நுழைவார். 1986 செப்டம்பரில் இரவுப் பணி முடிந்த கையோடு சேப்பாக்கம் மைதானம் சென்று, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்களில் ‘டை’யாக முடித்த கிரிக்கெட் டெஸ்டின் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்துக் கத்தித் தீர்த்ததில், தொண்டை கட்டிப்போய் அம்மாவின் கேள்விகளுக்கெல்லாம் சைகையிலேயே பதில் சொன்னார். (அம்மாவுக்கு அதில் நிம்மதிதான் என்பது வேறு விஷயம்.) முதுமையில் காது மந்தமான பிறகும், ரம்மி ஆட்டத்தில் ஜோக்கரை வேட்டி மடிப்பில் ஒளிப்பதை அவர் விடவில்லை. எங்கள் அயனாவரம் தெருவில் இத்தகைய அப்பாக்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அடுத்த கட்டுரையில் அவர்களுக்கும் இடம் தர வேண்டுகிறேன்.