மோதிரம் இல்லாத லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு

அமெரிக்கக் கால்பந்து வீரர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை நினைவுகூரும் எந்தப் பேச்சும் கொஞ்ச நேரத்தில் ‘பாவம்’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. 2004 முதல் 2020 வரை 17 சீசன்கள் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்கு மட்டுமே ஆடி, 1,432 பந்துகளைப் பிடித்து, 17,492 யார்டுகள் சேர்த்து, அந்த இரண்டு கணக்கிலும் எல்லாக் காலத்து வீரர்களிலும் ஜெர்ரி ரைஸுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் அவர். அப்படிப்பட்டவருக்கு சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் வெல்லும் அணியினருக்குக் கிடைக்கும் மோதிரம் ஒன்றுகூட வாய்க்கவில்லையே, வேறு அணிக்குப் போயிருக்கலாமே என்று ரசிகர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதையே முன்னால் நிறுத்திப் பேசும்போது, அவர் உண்மையில் ஆடிய ஆட்டம் நம் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவர் (ஃபிட்ஸ்ஜெரால்டின் இடம் அதுதான்) எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் சரியாக எறிந்தால்தான் அவருக்குப் பந்து. கார்டினல்ஸின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் 2009 சீசனோடு ஓய்வு பெற்ற பிறகு டெரெக் ஆண்டர்சன், மேக்ஸ் ஹால், ஜான் ஸ்கெல்டன், கெவின் கோல்ப், ரயன் லிண்ட்லி என்று எறிபவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலகட்டத்திலும் 2011-இல் 1,411 யார்டுகள் எடுத்தார் ஃபிட்ஸ்ஜெரால்டு. தலைக்கு மேலே போகும் பந்து, முதுகுக்குப் பின்னால் வரும் பந்து, இரண்டு பேர் நடுவில் மேலெழும்பிப் பறிக்க வேண்டிய பந்து என எல்லாவற்றையும் பிடிக்கும் கைகள் அவருக்கு இருந்தன.

2009 பிப்ரவரி 1 அன்று டாம்பாவில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக நடந்த சூப்பர் பவுலைப் பற்றிப் பேசும் எல்லோரும், ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது அவர் நடுக்களத்தைப் பிளந்துகொண்டு ஓடி அடித்த 64 யார்டு டச்டவுனைத்தான் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளி பெறுவது) சொல்வார்கள். விளையாட்டுச் செய்தியாளரான அவருடைய தந்தை அன்று பத்திரிகையாளர் மாடத்தில், அங்கே ஆரவாரம் கூடாது என்ற தொழில் மரபை மதித்து அமைதியாக அமர்ந்திருந்தார். எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது முதல் பாதியின் கடைசி நகர்வு. கார்டினல்ஸ் அணி எதிரணியின் கோல் கோட்டுக்கு வெகு அருகில் நிற்க, வார்னர் எறிந்த பந்தை ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் இடைமறித்துப் பிடித்து, எதிர்த்திசையில் 100 யார்டு ஓடினார். ஃபிட்ஸ்ஜெரால்டு மைதானத்தின் மறுமுனையிலிருந்து துரத்தினார். பக்கக் கோட்டுக்கு வெளியே ஒதுங்க நேர்ந்து, அங்கே நின்றிருந்த தன் அணியின் ஆன்ட்ரல் ரோல் மீதே மோதி வேகம் இழந்தார். பிறகும் விடாமல் ஓடி, கோல் கோட்டின் விளிம்பில் ஹாரிசனைப் பிடித்தார். ஒரு நொடி தாமதம், டச்டவுன் ஆகிவிட்டது. ஆட்டம் 27-23 என்று கைவிட்டுப் போனது. பந்து தன் கையில் இல்லாதபோது, தவறு தன்னுடையதாக இல்லாதபோது, ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் மைதானம் முழுவதையும் ஓடிக் கடந்தார் என்பதை நான் எந்த மோதிரத்துக்கும் குறைவாக மதிப்பதில்லை.

அவர் கைநழுவவிட்ட பந்துகளைவிட அவர் செய்த டாக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்துவது) அதிகம் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ரிசீவர் ஒருவர் எதிரணியினரை மடக்கிப் பிடிக்க வேண்டி வருவது பெரும்பாலும் தன் அணி பந்தைப் பறிகொடுத்த பிறகுதான் என்பதை யோசித்தால், அந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள உழைப்பு புரியும்.

2013-இல் பயிற்சியாளராக வந்த புரூஸ் ஏரியன்ஸ் அவரை ஓரத்திலிருந்து உள்பக்கத்துக்கு, ஸ்லாட் நிலைக்கு மாற்றினார். உடல் பருத்த எதிரணியினரைத் தடுத்து, பந்தோடு ஓடும் சக வீரருக்கு வழி திறந்துவிடும் வேலை அங்கே அதிகம். புகழின் உச்சியில் இருந்த பலர் இதைக் கௌரவக் குறைவாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவரோ அந்த இடத்திலேயே மீண்டும் தழைத்தார்: 2015-இல் 109, 2016-இல் 107, 2017-இல் 109 பந்துகள். வயதோ முப்பத்திரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. 2016 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் முதல் நகர்விலேயே, குவார்ட்டர்பேக் கார்சன் பால்மர் எதிரணியினரின் பிடியிலிருந்து தப்பி எறிந்த பந்தை வாங்கி 75 யார்டு ஓடினார். சற்று நேரத்தில் அவரே டச்டவுன் அடித்து வெற்றியை முடித்து வைத்தார்.

2020 சீசனில் பெருந்தொற்றால் அரங்குகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. முறையான பிரியாவிடை ஆட்டமும் அவருக்கு இல்லாமல் போனது. அதனால்தானோ என்னவோ, ரசிகர்கள் இன்னும் அவருடைய காணொளிகளைத் தொகுத்துப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். தொகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த 64 யார்டு ஓட்டத்துக்கு முன்னால் ஹாரிசனைத் துரத்திய ஓட்டத்தையும் சேருங்கள். பந்து வேறொருவர் கையில் இருக்க, 11-ஆம் எண் சட்டைக்காரரான அவர் எதிரே வருபவரைத் தோளால் தாங்கித் தடுத்து நிற்கும் காட்சிகளையும் சேருங்கள்.